எம்ஆர்ஐயில் பிடிபடாத முதுகுவலியை மூளையில் தேடும் வேலை

பெங்களூரில் முதுகுவலிக்காரர் யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், ஐந்து நிமிடத்துக்குள் எல்4-எல்5, அதாவது இடுப்புப் பகுதி முதுகெலும்பின் நான்காவது, ஐந்தாவது எலும்புக்கு நடுவிலுள்ள இடம், பேச்சில் வந்துவிடும். எலெக்ட்ரானிக் சிட்டியில் நாளெல்லாம் லேப்டாப் முன்னால் உட்காருபவர் வீட்டிலும், அல்சூர் சந்து முனையில் நின்றபடியே இஸ்திரி போடுபவர் வீட்டிலும் பீரோ மேல் அதே பெரிய உறை. உள்ளே எம்ஆர்ஐ படம், கூடவே ‘ஜவ்வு பிதுங்கியிருக்கிறது’ என்று ஓர் அறிக்கை. வலிக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று வீடே நிம்மதியாகிறது. சிக்கல் எங்கே என்றால், வலியே இல்லாதவரைப் படம் எடுத்தாலும் பல நேரம் அதே ஜவ்வு பிதுங்கித்தான் இருக்கிறது.

2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, முதுகில் எந்தத் தொந்தரவும் இல்லாத 3,110 பேரின் படங்களை வயதுவாரியாகக் கணக்கெடுத்தது. 20 வயதிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க், அதாவது ஜவ்வு, தேய்மானம். 50 வயதில் 80 சதவீதம், 80 வயதில் 96 சதவீதம். ஜவ்வுப் பிதுக்கம் 20 வயதில் 30 சதவீதம், 40 வயதில் சரிபாதி. தலைமுடி நரைப்பது போல முதுகெலும்பும் நரைக்கிறது, அவ்வளவுதான். மறுபக்கம், படம் சுத்தமாக இருந்தும் மூன்று வருடமாகக் குனிய முடியாதவர்கள் இருக்கிறார்கள். படத்துக்கும் வலிக்கும் இடையே உள்ள கயிறு நாம் நினைப்பதைவிடத் தொய்வானது.

இதைப் படித்துவிட்டு யாரும் படமே எடுக்க வேண்டாம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சிறுநீர், மலம் கட்டுப்பாடு திடீரென்று போவது, உட்காரும் இடம் மரத்துப்போவது, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்குவது, வலியோடு காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு, முன்பு புற்றுநோய் வந்தவருக்குப் புதிதாக முதுகுவலி: இவற்றில் ஏதாவது இருந்தால் முதுகெலும்பை உடனே பார்த்தாக வேண்டும். கட்டுப்பாடு போவதும், உட்காரும் இடம் மரத்துப்போவதும் அதே நாளில் அவசரப் பிரிவுக்குப் போக வேண்டியவை. இந்தக் கட்டுரை பேசுவது இவை எதுவும் இல்லாமல், மூன்று மாதத்துக்கு மேல் தங்கிவிட்ட வலியைப் பற்றி. மூன்று மாதம் என்பதுதான் நாள்பட்ட வலிக்கு உலக சுகாதார அமைப்பின் நோய் வகைப்பாடு வைத்திருக்கும் கோடு.

இப்படித் தங்கிவிட்ட வலிக்கு ‘மூளையை அளந்து பார்க்கலாம்’ என்றதும் நோயாளி கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: “அப்போ எல்லாம் என் மனசுலதான்னு சொல்றீங்களா டாக்டர்?” கோபம் நியாயமானது, ஆனால் விஷயம் அது இல்லை. முதுகில் இருக்கும் நரம்பு முனைகள் அனுப்புவது வலியை அல்ல, ஆபத்துச் செய்தியை. அதோடு தூக்கம், பயம், பழைய அனுபவம், சுற்றுச்சூழல் எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்டிப் பார்த்து, வலிக்க வேண்டுமா வேண்டாமா, எவ்வளவு என்று முடிவெடுப்பது மூளை. காலில் முள் குத்தினாலும் அப்படித்தான். கற்பனை வலி, நிஜ வலி என்று மூளைக்குள் இரண்டு கணக்குப் புத்தகம் கிடையாது. வலிக்கான சர்வதேச வரையறையை 2020இல் திருத்தியபோதும், திசு சேதத்தோடு தொடர்புடைய அனுபவத்தோடு, அதைப் போன்ற அனுபவத்தையும் சேர்த்தே வலி என்று எழுதினார்கள். சேதத்தைக் காட்டினால்தான் வலி என்ற நிபந்தனை அதில் இல்லை.

வலி இடம் மாறும் கதை

மூளை ஆய்வுகள் தந்த மிகப் பெரிய செய்தி, புதிய முதுகுவலியும் பழைய முதுகுவலியும் மூளையில் ஒரே இடத்தில் குடியிருப்பதில்லை என்பது. அமெரிக்காவில் அப்கரியன் என்ற ஆய்வாளரின் குழு இருபது வருடத்துக்கும் மேலாக இதன் பின்னால் அலைந்திருக்கிறது. 2013இல் அவர்கள் வெளியிட்ட ஆய்வில் ஒரு பக்கம் வலி வந்து சுமார் இரண்டு மாதமே ஆன 94 பேர், மறுபக்கம் பத்து வருடத்துக்கு மேல் வலியோடு வாழும் 59 பேர். ஸ்கேனருக்குள் படுத்தபடியே, அந்தந்த நொடியில் வலி ஏறுகிறதா இறங்குகிறதா என்று விரலசைவால் காட்டிக்கொண்டே இருக்க வேண்டும். புதியவர்களிடம் அந்த ஏற்ற இறக்கத்தோடு கூடவே ஓடியவை இன்சுலா, தலாமஸ் போன்ற, உடனடி வலிக்குப் பெயர்போன பகுதிகள். பழையவர்களிடம் அவை அமைதி. அங்கே வலியோடு ஓடியவை முன்மூளையின் நடுப்பகுதியும் அமிக்டலாவும், அதாவது உணர்ச்சியும் நினைவும் பயமும் புழங்கும் சுற்றுகள்.

இதில் ஒரு நடைமுறைப் பாடம் இருக்கிறது. இரண்டாம் மாதத்தில் வேலை செய்த வலி மாத்திரை ஐந்தாம் வருடத்தில் ஏன் வேலை செய்வதில்லை என்று பலர் குழம்புவார்கள். வீடு மாறிப்போனவருக்குப் பழைய முகவரியிலேயே கடிதம் போட்டுக்கொண்டிருப்பது ஒரு காரணமாக இருக்கலாம்.

அதற்கு ஒரு வருடம் முன்பு, 2012இல், அதே குழு இன்னும் துணிச்சலான ஒன்றைச் செய்தது. வலி தொடங்கிச் சில வாரங்களே ஆனவர்கள் உட்பட 39 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்தார்கள். சிலருக்கு வலி போய்விட்டது, சிலருக்குத் தங்கிவிட்டது. முதல் ஸ்கேனைத் திருப்பி எடுத்துப் பார்த்தால், தங்கிவிட்டவர்களிடம் நியூக்ளியஸ் அக்கம்பென்ஸ் என்ற ஆழமான சிறு பகுதிக்கும் முன்மூளைக்கும் இடையிலான பேச்சுவார்த்தை ஆரம்பத்திலேயே அதிகமாக இருந்திருக்கிறது. பரிசு, பழக்கம், ஆசை இவற்றோடு தொடர்புடைய பகுதி அது. முதுகெலும்போடு அதற்கு நேரடி வேலை எதுவும் இல்லை. அந்த இணைப்பை வைத்து யாருக்கு வலி தங்கும் என்பதை 80 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொல்ல முடிந்தது.

80 சதவீதம் என்றதும் அசந்துவிடக் கூடாது. ஒரு மனக்கணக்குப் போடுவோம். முதுகுவலியோடு 100 பேர் வருகிறார்கள், அதில் 20 பேருக்கு வலி தங்கப்போகிறது என்று வைத்துக்கொள்வோம். சோதனை இரு பக்கமும் 80 சதவீதம் சரி. தங்கப்போகும் 20 பேரில் 16 பேரைப் பிடிக்கும். தங்காத 80 பேரில் 16 பேரையும் சேர்த்தே பிடிக்கும். ஆக, ‘உங்களுக்கு வலி தங்கிவிடும்’ என்று சீட்டு வாங்கிய 32 பேரில் பாதிப்பேருக்குச் சொன்னது பொய். வலி தங்கிவிடுமோ என்ற பயமே வலியைத் தங்கவைக்கும் காரணங்களில் ஒன்று. அப்படியிருக்க, அந்தச் சீட்டைக் கையில் கொடுப்பது சும்மா இருக்கிற சங்கை ஊதிக் கெடுக்கிற வேலை.

மூளை சுருங்குகிறது என்ற செய்தியும் அடிக்கடி சுற்றுக்கு வருகிறது. அதன் வேர் 2004இல். 26 நாள்பட்ட முதுகுவலிக்காரர்களின் மூளையில் சாம்பல் நிறப் பகுதி மற்றவர்களைவிட 5 முதல் 11 சதவீதம் குறைவாக இருந்தது, 10 முதல் 20 வருட முதுமைக்குச் சமம் என்றது அந்த ஆய்வு. பயமுறுத்தும் தலைப்புக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஆனால் 2011இல் மான்ட்ரியலில் நடந்த ஆய்வு அந்த அளவுக்குப் பரவவில்லை. அறுவைச் சிகிச்சையோ முதுகெலும்பு மூட்டில் ஊசியோ போட்டு ஆறு மாதம் கழித்து 14 பேரை மறுபடி ஸ்கேன் செய்தார்கள். மெலிந்திருந்த இடது முன்மூளைப் பகுதி மறுபடி தடித்திருந்தது. வலியும் முடக்கமும் எவ்வளவு குறைந்ததோ அந்த அளவுக்கு. செத்துப்போன செல் திரும்பி வராது. ஆகவே அது சேதமாக இருந்திருக்க வாய்ப்புக் குறைவு. நீர், இணைப்புகள், பயன்பாடு மாறியதன் அடையாளமாக இருக்கலாம்.

ஸ்கேனர் என்ன பார்க்கிறது

மூளையின் செயல்பாட்டைப் பார்க்கும் எம்ஆர்ஐக்கு எஃப்எம்ஆர்ஐ என்று பெயர். அது நரம்புச் செல்லைப் பார்ப்பதில்லை. வேலை செய்யும் பகுதிக்கு ரத்தம் கூடுதலாகப் பாய்கிறது, ஆக்சிஜன் ஏறிய ரத்தமும் இறங்கிய ரத்தமும் காந்தப் புலத்தில் வேறு வேறு மாதிரி நடந்துகொள்கின்றன, அந்த வித்தியாசத்தைப் பார்க்கிறது. 3 டெஸ்லா காந்த வலுவுள்ள கருவியில் அந்த வித்தியாசம் ஒன்றிரண்டு சதவீதம்தான். அதுவும் நரம்பு வேலை செய்து ஐந்தாறு நொடி கழித்துத்தான் உச்சத்துக்கு வரும். மழை பெய்ததை ரோட்டில் ஓடும் தண்ணீரை வைத்துக் கணக்கிடுவது மாதிரி.

விரலை அசை, நிறுத்து என்றால் இரண்டையும் ஒப்பிட்டுவிடலாம். நாள்பட்ட முதுகுவலிக்கு அப்படி சுவிட்ச் இல்லை. வலியை நிறுத்தி வைத்து ஒரு படம் எடுக்க முடியாது. அதனால்தான் சுற்றுவழிகள்: விரலசைவால் வலியைக் காட்டச் சொல்வது, இடுப்புக்குக் கீழே காற்றுத் தலையணை வைத்து ஊதி வலியைக் கொஞ்சம் கிளப்புவது, அல்லது எதுவும் செய்யாமல் எட்டு நிமிடம் படுக்கவைத்து எந்தப் பகுதி எந்தப் பகுதியோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று மட்டும் பார்ப்பது. இரண்டு நொடிக்கு ஒரு முழு மூளைப் படம் என்றால் எட்டு நிமிடத்தில் 240 படம்.

இந்த 240 படத்தில் தலை எவ்வளவு அசைந்தது என்பதுதான் முதல் தகராறு. படத்துக்குப் படம் 0.2 மில்லிமீட்டர் நகர்ந்தாலே பல ஆய்வகங்கள் அந்தப் படத்தைத் தூக்கி எறிகின்றன. தலை அசைந்தால் பக்கத்துப் பக்கத்துப் பகுதிகள் சேர்ந்து இயங்குவது போலவும், தூரப் பகுதிகள் பிரிந்துவிட்டது போலவும் பொய்த்தோற்றம் வரும். இப்போது யோசித்துப் பாருங்கள்: 60 சென்டிமீட்டர் அகலக் குழாய்க்குள், 100 டெசிபெலைத் தாண்டும் சத்தத்தில், கெட்டிப் பலகையில் மல்லாந்து முக்கால் மணி நேரம். முதுகுவலி இல்லாதவர் தூங்கிவிடுவார். இருப்பவர் இருபதாவது நிமிடத்தில் நெளிய ஆரம்பிப்பார். இரண்டு கூட்டத்தையும் ஒப்பிட்டு ‘மூளை இணைப்பில் வித்தியாசம்’ என்று எழுதினால், அதில் பாதி நெளிந்ததன் வித்தியாசமாக இருக்கக்கூடும். முழங்காலுக்குக் கீழே தடிமனான தலையணை கொடுத்து இடுப்பின் வளைவைத் தளர்த்துவது, முக்கியமான பதிவை முதல் இருபது நிமிடத்துக்குள் முடிப்பது, நடுவில் ஒருமுறை எழுப்பி நடக்கவிடுவது: தெரிந்த ஆய்வகங்கள் இப்படித்தான் செய்யும்.

நம்மவர்களுக்கென்று சில விஷயங்கள் தனி. தங்கத்தைக் காந்தம் இழுக்காது என்று தாலியோடு உள்ளே போகலாமா என்று கேட்பார்கள். தங்கம் இழுக்காது, ஆனால் தாலிக்கொடியில் அவசரத்துக்கு ஆகுமே என்று கோத்துவைத்த இரண்டு ஊக்கு இழுக்கும். மெட்டி, மூக்குத்தி, ஹேர்பின், அரைஞாண் கயிற்றில் கோத்த தாயத்து எல்லாம் வெளியே வைக்க வேண்டியவை. காலையில் குடிக்கும் ஃபில்டர் காபியும் கணக்கில் வரும். காஃபின் மூளைக்குப் போகும் ரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது, எஃப்எம்ஆர்ஐ பார்ப்பதோ ரத்த ஓட்டத்தை. தினமும் குடிப்பவரைக் குடிக்காமல் வரச்சொன்னால் தலைவலியோடு வருவார், அது வேறொரு வலி. எல்லோரிடமும் ஒரே மாதிரி, எத்தனை மணிக்கு எவ்வளவு குடித்தார் என்று கேட்டு எழுதிவைப்பதே நடைமுறை.

கணக்குப் போடும்போது இன்னொரு பள்ளம். மூன்று மில்லிமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் மூளையில் சுமார் ஐம்பதாயிரம் துண்டு. ஒவ்வொன்றுக்கும் நூற்றுக்கு ஐந்து தவறு பரவாயில்லை என்று விட்டால், எதுவும் நடக்காத மூளையிலும் இரண்டாயிரத்துக்கு மேல் துண்டுகள் பளிச்சிடும். 2009இல் ஒரு குழு செத்த சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் படங்களைக் காட்டி, அதன் மூளையில் ‘செயல்பாட்டை’க் கண்டுபிடித்துக் காட்டியது. கேலிக்காகத்தான் செய்தார்கள். இந்தத் துறையைத் திருத்தியதில் அந்த மீனுக்குப் பெரிய பங்கு உண்டு.

தேங்காய் எண்ணெயும் இஇஜியும்

இஇஜி வேறு ஜாதி. ஹான்ஸ் பெர்கர் 1924இல் முதன்முதலில் மனிதரிடம் பதிவு செய்ததிலிருந்து அடிப்படை மாறவில்லை: மண்டைத் தோலில் எலெக்ட்ரோடு ஒட்டி மூளையின் மின்னழுத்தத்தைப் பார்ப்பது. கருவி விலை குறைவு, உட்கார்ந்தபடியே எடுக்கலாம், நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை துல்லியம். ஆனால் ஆழத்தில் உள்ள அக்கம்பென்ஸ் போன்ற பகுதிகள் இதற்கு அநேகமாகச் செவிடு. கிடைக்கும் சிக்னலும் சில பத்து மைக்ரோவோல்ட்தான். டார்ச் பேட்டரியின் ஒன்றரை வோல்ட்டில் ஐம்பதாயிரத்தில் ஒரு பங்கு.

அதனால்தான் தலைமுடி முக்கியம். முதல் நாள் இரவு ஷாம்பு போட்டுக் குளித்து, எண்ணெயோ கண்டிஷனரோ வைக்காமல், பூ வைக்காமல், முடி நன்றாகக் காய்ந்து வர வேண்டும். தேங்காய் எண்ணெய் நல்ல மின்கடத்தாப் பொருள். எண்ணெய்த் தலையில் ஜெல் வைத்தால் மின்மறுப்பு, அதாவது மின்சாரம் பாய்வதற்கான தடை, 5 கிலோ ஓமுக்குக் கீழே இறங்கவே இறங்காது, அந்த எலெக்ட்ரோடு மூளையைவிட அறையின் 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சலைத்தான் அதிகம் பதியும். செல்போன் சார்ஜரைக் கழற்றுவது, கருவியை பேட்டரியில் ஓட்டுவது, எலெக்ட்ரோடு வயர்களை ஒன்றாகச் சேர்த்துக் கட்டுவது எல்லாம் இதற்காகத்தான். வியர்வை வந்தால் கோடு மெதுவாக அலைபோல மிதக்கும். இந்த ஒரு விஷயத்தில் சென்னையைவிட பெங்களூர் வசதி.

பதிவை அலைவேகப்படி பிரிப்பார்கள். 4 முதல் 8 ஹெர்ட்ஸ் தீட்டா, 8 முதல் 13 ஆல்ஃபா, 30 வரை பீட்டா, அதற்கு மேல் காமா. நாள்பட்ட வலிக்காரர்களிடம் தீட்டாவும் பீட்டாவும் கூடுதல் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன. 2019இல் ஜெர்மனியின் மியூனிக் குழு, நாள்பட்ட முதுகுவலிக்காரர்களிடம் அந்தந்த நேரத்து வலியின் ஏற்ற இறக்கத்தோடு முன்மூளையின் காமா அலையும் ஏறி இறங்குவதாகக் கண்டது.

இங்கேதான் அனுபவசாலிகள் நெற்றியைச் சுருக்குவார்கள், நெற்றியைச் சுருக்கினாலே காமா கூடும் என்பது வேறு. வலி ஏறினால் யாரும் பல்லைக் கடிப்பார்கள். தாடைத் தசை, நெற்றித் தசை இரண்டின் மின்னோட்டமும் 20 ஹெர்ட்ஸிலிருந்து மேலே பரவிக் காமாவை மூடிவிடும், அதுவும் மூளையின் காமாவைவிடப் பல மடங்கு வலுவாக. வலி கூடியதால் மூளையில் காமா கூடியதா, பல்லைக் கடித்ததால் கூடியதா? தசை இரைச்சலைப் பிரித்தெடுக்கக் கணக்கு முறைகள் உண்டு, முழுச் சுத்தம் கிடையாது.

தீட்டாவுக்கும் அதே கதி. முதுகுவலிக்குப் பிரிகாபலின் என்ற நரம்பு வலி மாத்திரை எழுதிக்கொடுப்பது இன்று சர்வசாதாரணம். அது ஆல்ஃபாவை மந்தமாக்கித் தீட்டாவைக் கூட்டும். தூக்கத்துக்குக் கொடுக்கும் பென்சோடயாசெபைன் மாத்திரைகள் பீட்டாவைக் கூட்டும். இரவெல்லாம் புரண்டு படுத்தவர் கண்ணை மூடி ஐந்து நிமிடம் உட்கார்ந்தால் அரைத்தூக்கத்துக்குப் போவார், அங்கும் தீட்டா. வலி, மருந்து, தூக்கமின்மை மூன்றும் ஒரே கையெழுத்துப் போடுகின்றன. மாத்திரைப் பெயரும் அளவும் கடைசியாக எப்போது போட்டார் என்பதும் எழுதப்படாத இஇஜியை வைத்து வலியைப் பற்றிப் பேசுவது வீண்.

ஆகவே, ‘மூளை வரைபடம்’ என்ற பெயரில் சிவப்பும் நீலமும் பூசிய தலைப் படங்களைக் காட்டி உங்கள் முதுகுவலியின் காரணம் இதோ என்று யாராவது காசு கேட்டால், எந்த மருந்து சாப்பிடாத, எந்த வயதுக் கூட்டத்தோடு ஒப்பிட்டு இந்தச் சிவப்பு வந்தது என்று கேளுங்கள். ஒரே வாரத்தில் இரண்டு முறை எடுத்தால் அதே படம் வருமா என்றும் கேளுங்கள். ஓசூர் ரோட்டில் உள்ள மனநல, நரம்பியல் மருத்துவமனையான நிம்ஹான்ஸ் போன்ற இடங்களில் தினமும் இஇஜி எடுக்கிறார்கள், பெரும்பாலும் வலிப்பு நோய்க்காக. அந்த வழக்கமான இஇஜியில் முதுகுவலிக்காரரின் பதிவு ‘நார்மல்’ என்றுதான் வரும். வலி இல்லை என்று அதற்கு அர்த்தமில்லை.

நஷ்ட ஈடு, இன்சூரன்ஸ் தகராறுகளில் மூளை ஸ்கேன் சாட்சி சொல்லுமா என்ற கேள்விக்குப் பதில் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. 2013இல் அமெரிக்காவில் ஒரு குழு, கையில் வைத்த சூட்டின் வலியை எஃப்எம்ஆர்ஐயிலிருந்து 90 சதவீதத்துக்கு மேல் சரியாகக் கண்டுபிடிக்கும் ஒரு மூளைத் தடத்தை உருவாக்கியது. ஆரோக்கியமானவர்களின் உடனடி வலியைப் படித்து உருவானது அது. பத்து வருட முதுகுவலி வேறு வீட்டில் இருக்கிறது என்று மேலே பார்த்தோம். 2017இல் சர்வதேச வலி ஆய்வுச் சங்கத்தின் பணிக்குழு, ஒருவருக்கு வலி இருக்கிறதா இல்லையா என்று தீர்மானிக்க இந்த ஸ்கேன்களை ஆதாரமாக வைக்கும் நிலை வரவில்லை என்று எழுதியது. ஸ்கேன் சொல்லவில்லை என்று ஒருவரின் வலியை மறுப்பதும் அதில் அடக்கம்.

இத்தனை ஓட்டை இருந்தும் இந்த அளவீடு வீண் இல்லை. சிகிச்சை எங்கே வேலை செய்கிறது என்று காட்டுவதில் அது நன்றாகவே உதவுகிறது. 2022இல் வெளியான கொலராடோ ஆய்வில் சராசரியாகப் பத்து வருடம் முதுகுவலியோடு இருந்த 151 பேர். ஒரு பிரிவுக்கு நான்கு வாரம், வாரம் இரண்டு அமர்வு: வலி வரும்போது அதை ஆபத்தாக அல்ல, தவறாக ஒலிக்கும் மணியாகப் பார்க்கப் பழகுவது, பயந்து தவிர்த்த அசைவுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்வது. அந்தப் பிரிவில் 66 சதவீதம் பேருக்கு வலி போய்விட்டது அல்லது போனது மாதிரி. பொய்மருந்து என்று சொல்லியே ஊசி போட்ட பிரிவில் 20 சதவீதம், வழக்கமான சிகிச்சையில் 10 சதவீதம். காற்றுத் தலையணையால் முதுகைக் கிளப்பி ஸ்கேன் செய்தபோது முன்மூளையின் எதிர்வினை குறைந்திருந்தது. ஆனால் வந்தவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், ஓடியாடக்கூடியவர்கள், வலி பத்துக்கு நான்கு அளவில். வைட்ஃபீல்டில் செங்கல் சுமக்கும் திருவண்ணாமலைக்காரருக்கு இதே கணக்கு அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. அவருக்கு ஓய்வெடுக்கவே வழியில்லை.

கடைசியில் ஸ்கேனரும் இஇஜியும் ஒப்பிட்டுப் பார்ப்பது நோயாளி சொல்லும் எண்ணோடுதான். பூஜ்யம் முதல் பத்து வரை. அந்த எண் தப்பானால் அதன்மேல் கட்டிய எல்லாம் தப்பு. பெங்களூரில் இது இன்னும் சிக்கல். படிவம் ஆங்கிலத்தில், கேட்பவர் கன்னடத்தில், சொல்பவர் தமிழில். ‘நோவு’ இரண்டு மொழிக்கும் பொது, அதுவரை சரி. குடைச்சல், கடுப்பு, பிடிப்பு, சுளீரென்று இழுப்பது, எரிச்சல், மதமதப்பு எல்லாம் படிவத்தில் ஒரே ‘வலி’யாகிவிடும். மதமதப்புக்குக் கன்னடத்தில் ‘ஜோமு’ என்று சரியான சொல் இருக்கிறது, கேட்பவருக்கு அதைச் சொல்லத்தான் ஆளில்லை. எரிச்சல், ஷாக் அடிப்பது, மதமதப்பு என்றால் நரம்பு பாதித்த வலியாக இருக்கலாம், குடைச்சல் என்றால் வேறு. அதற்கான மருந்தும் வேறு.

எண்ணைச் சொல்வது யார் என்பதும் தகராறுதான்.

“அம்மாவுக்கு எட்டு போடுங்க சார்.”

“எட்டெல்லாம் இல்லப்பா. ஒரு மூணு, நாலு இருக்கும். ராத்திரி மட்டும் பயமா இருக்கு, எந்திரிக்க முடியாமப் போயிருமோன்னு.”

“நீ சும்மா இரும்மா, கம்மியா சொன்னா கவனிக்க மாட்டாங்க.”

மகன் சொன்ன எட்டு கோப்பில் ஏறினால், கம்ப்யூட்டர் நிரல் அந்த மூளைப் பதிவை எட்டுக்கான பாடமாகப் படித்துக்கொள்ளும். அம்மா சொன்னதில் இரண்டு அளவு இருந்தன: வலி எவ்வளவு என்பது ஒன்று, அது எவ்வளவு பயமுறுத்துகிறது என்பது இன்னொன்று. இடம் மாறிப்போன வலி குடியிருப்பது இரண்டாவதில். கூட வந்தவரை வெளியே உட்காரவைத்து, இரண்டையும் தனித்தனியாக, அவர் மொழியில், காலை, மதியம், இரவு என்று இரண்டு வாரம் எழுதி வாங்கிய பிறகுதான் தலையில் ஜெல் வைக்க வேண்டும்.